எல்லோருக்கும் ஒரே போன் நம்பர்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வம்பக்கா என்றால்தான் தெரியும். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். வம்பை விலை கொடுத்து வாங்குகிறவள் என்று பேச்சு. அது அநியாயம். விலை கொடுத்து அவள் ஒரு வம்பையும் வாங்கியதில்லை. வம்பு தானாக வந்து வழியில் நிற்கும், அவள் விலகிப் போகமாட்டாள், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறுவை சிகிச்சை அறையிலிருந்து வந்த அழுக்கு மூட்டையில் ஊசி கிடந்து ஒரு பெண்ணின் விரலைக் குத்திவிட்டது. எல்லோரும் அடடா என்றார்கள், ஊதிவிட்டார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வம்பக்கா அந்த மூட்டையை அப்படியே தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்டில் கொண்டுபோய், அறுவை சிகிச்சை அறையின் வாசலில் நட்டநடுவே இறக்கினாள். "உங்க ஊசிய நீங்களே தேடி எடுத்துட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பி வந்தாள். அன்றைக்கு அவளுக்கு வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வேலை போகவில்லை, பெயர்தான் வந்தது. துணியில் ஊசி வருவதும் நின்றது.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஆள் உள்ளே போய் நிற்கக்கூடிய அளவுக்குப் பெரிய இயந்திரங்கள் ஒரு பக்கம் துணியைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும். நடுவில் சூடான உருளைகளுக்கிடையே ஈரவிரிப்பு போய், மறுபக்கம் தகடு போல வெளியே வரும். வெளியே வந்ததைப் பிடித்து மடிக்க நீளமான மேஜை. படுக்கை விரிப்பைத் தனியாள் மடிக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். வம்பக்காவுக்கு எதிர்முனையில் நிற்பவள் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. வருஷக்கணக்காக ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து நிற்கிறவர்கள். முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் மடிப்பு மட்டும் கோணாது.

மத்தியான இடைவேளை வந்தால் இருவரும் ஓட்டமும் நடையுமாக வெளியே போவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் வம்பக்காவின் வீடு. அங்கே அவளுடைய வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருப்பார். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. காலையிலிருந்து ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். ஒருமுறை வந்து ஆறுவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அதனால் மத்தியானம் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தே ஆக வேண்டும். வம்பக்கா அக்குளுக்குக் கீழே கைகொடுப்பாள், நாத்தனார் முழங்காலுக்கு அடியில். கனமான மனுஷன். படுத்த பிறகும் இளைக்கவில்லை.

"ஆஸ்பத்திரித் துணியவிட என்னைத்தான் ரெண்டு பேரும் நல்லா மடிக்கறீங்க" என்பார் அவர்.

"வாயை மூடிக்கிட்டு வாங்க, கனம் கொஞ்சம் குறையும்" என்பாள் வம்பக்கா.

இப்படி நடந்துகொண்டிருந்த குடும்பம் அது. நடுவில் வந்து சேர்ந்ததுதான் போர்ட்டல்.

போர்ட்டல் என்றால் பெரிய மந்திரமில்லை. லீவு கேட்பது, சம்பளச் சீட்டு பார்ப்பது, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று அறிவது எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி ஒரு இணையதளத்துக்குள் போட்டுவிட்டது. ஆளுக்கொரு பணியாளர் எண், ஆளுக்கொரு கடவுச்சொல். கடவுச்சொல் அடிக்கடி காலாவதியாகிவிடும், புதிது போட வேண்டும். பழையதையே போட்டால் ஒத்துக்கொள்ளாது, தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் மூன்றாம் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்து, அவர்கள் எடுக்கும்வரை காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஈரக்கையோடு வேலை செய்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?

சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் நல்ல மனுஷர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். கண்ணாடித் தடுப்பு போட்ட அவருடைய சின்ன அறையில்தான் கீழே இருக்கும் ஒரே கம்ப்யூட்டர். போர்ட்டல் வந்த வாரம் எல்லோருடைய போன் நம்பரையும் அவரைப் பதியச் சொன்னார்கள். ஒருத்தியிடம் போன் இல்லை, ஒருத்தியின் போன் புருஷனிடம், இன்னொருத்திக்கு மாதத்துக்கொரு நம்பர். அண்ணன் பார்த்தார். சாயங்காலத்துக்குள் வேலை முடிய வேண்டும். எல்லோருடைய பெயருக்கு எதிரிலும் தன் நம்பரையே போட்டார். கடவுச்சொல்லும் எல்லோருக்கும் ஒன்றே, அதுவும் அவர் வைத்ததே.

அன்றிலிருந்து வாழ்க்கை சுலபமாகிவிட்டது. "அண்ணே, நாளைக்கு லீவு" என்று வாயால் சொன்னால் போதும், அவர் உள்ளே போய்த் தட்டிவிடுவார். காலாவதி, பூட்டு ஒன்றும் யாருக்கும் தெரியாது. பக்கத்து சமையல்கூடத்துக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். வம்பக்காவும் இதில் வம்பு செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்லோரையும் போல அவளும், தொல்லை விட்டது என்றுதான் இருந்தாள்.

பிறகு ஒருநாள் அறிவிப்பு வந்தது. சலவைக்கூடம் ஊருக்கு வெளியே புதிய கட்டடத்துக்குப் போகிறது. புதிய இயந்திரங்கள், போக வர பஸ். போக விருப்பமில்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே வேறு வேலை தருவார்கள். யாருக்கு எது வேண்டுமோ, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போர்ட்டலில் அவரவரே 'சம்மதம்' அல்லது 'சம்மதமில்லை' என்று அழுத்த வேண்டும்.

வம்பக்காவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே போனால் மத்தியானம் வீட்டுக்கு வர முடியாது. வர முடியாவிட்டால் அவர் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே கிடையாகக் கிடப்பார். அதற்கு மேல் யோசிக்க அவள் மனசு இடம் கொடுக்கவில்லை. டீ நேரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் தலையை நீட்டினாள்.

"அண்ணே, எனக்கு 'இல்ல'ன்னு போட்டுடுங்க."

அண்ணன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். "எல்லாருக்கும் நேத்தே போட்டாச்சும்மா. சம்மதம்."

"எனக்குமா?"

"உனக்கும்தான். மேல இருந்து நேத்து காலையில போன். உங்க ஆளுங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டாங்க. எங்க ஆளுங்க எல்லாம் ஒரே கட்டு, ஒருத்தர் விடாம வருவாங்கன்னு சொல்லிட்டேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா?"

"என்னைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? இத்தன வருஷமா நான் போட்டதுல உனக்கு ஏதாவது கெடுதல் வந்திருக்கா?"

"வரல. இப்ப வந்திருக்கு. எங்க வீட்டுக்காரரை மத்தியானம் யாரு தூக்குவா? நீங்க வந்து தூக்குவீங்களா?"

அண்ணனின் முகம் சற்று வாடியது. வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் மேலே கொடுத்த வார்த்தை ஞாபகத்தில் இருந்தது. "அதுக்கு ஏதாவது வழி பண்ணலாம். இப்ப ஒருத்திக்கு மட்டும் மாத்தினா, நேத்து சொன்னது பொய்யான்னு மேல கேப்பாங்க. கொஞ்சம் பொறு."

"பொறுத்தா சனிக்கிழமை போயிடும். மாத்துங்கண்ணே."

"நான் உனக்குக் கெடுதல் நினைப்பேனாம்மா?"

"கெடுதல் நினைக்கலண்ணே. கேக்காமலே நல்லது பண்றீங்க. அதுதான் தாங்கல."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, துணிக்கணக்கைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு மனுஷர் பேச்சை முடித்துக்கொள்வதற்கு கம்ப்யூட்டரைப் போல வசதியான பொருள் வேறில்லை.

மத்தியானம் வீட்டில் வம்பக்கா பொரிந்து தள்ளினாள். தூக்கும்போதும் பேசினாள், உட்கார வைத்துவிட்டும் பேசினாள். "என் பேர்ல நான் சொல்லாத வார்த்தைய இன்னொருத்தர் சொல்லிட்டு வந்து நிக்கறாரு. நான் உயிரோடதான இருக்கேன்?"

"நல்லாக் கேக்குது, உயிரோடதான் இருக்க" என்றார் வீட்டுக்காரர். "சண்டை போடு. ஆனா அவரை விரோதிச்சுக்காத. நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்கிட்ட சண்டை போடறதுதான் கஷ்டமே. கெட்டவன்னா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிருக்கும்."

நாத்தனார் தன் கூடப்பிறந்த அண்ணனுக்கு முதுகில் தலையணை வைத்து, அதை எடுத்துத் தட்டி, மறுபடியும் வைத்தாள். "நீ என்னடி வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க? நம்ம ரெண்டு பேருக்கும்தான் பேசறேன்" என்றாள் வம்பக்கா. "நேரமாச்சு அண்ணி, வாங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை, வருகைப்பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. இனிமேல் பணியாளர்கள் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றலாம், தாங்களே புதுப்பிக்கலாம், கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட வேண்டியதில்லை. போர்ட்டலில் 'மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தினால் உங்கள் போனுக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால் போதும். தினமும் நூறு பேருக்குப் பூட்டுத் திறந்துவிட்டுக் கைசலித்தவர்கள் எழுதிய தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. 'தாங்களே' என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு.

வம்பக்கா கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த தன் போனை எடுத்தாள். பணியாளர் எண்ணைப் போட்டாள். மறந்துவிட்டேன் என்பதை அழுத்தினாள். உங்கள் போனுக்கு எண் அனுப்பப்பட்டுள்ளது என்றது திரை. அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குள் 'டிங்' என்றது.

அவள் மறுபடியும் அழுத்தினாள். உள்ளே மறுபடியும் 'டிங்'. தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அண்ணன் மேஜைமேல் இருந்த தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு கீழே வைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஏய், எல்லாரும் இங்க வாங்கடி" என்றாள். "போன் இருக்கறவங்கள்லாம் அவங்கவங்க பணியாளர் நம்பரைப் போட்டு இதை அழுத்துங்க."

விளையாட்டு என்று நினைத்துத்தான் அழுத்தினார்கள். உள்ளே அண்ணனின் போன் அலறத் தொடங்கியது. டிங் டிங் என்று நிற்காமல் அடித்து, மேஜை ஓரம்வரை நகர்ந்து போனது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "யாரு இது? என்ன நடக்குது இங்க?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வம்பக்கா சிரிக்கவில்லை.

"என் பூட்டுக்கு வர்ற சாவி உங்க பாக்கெட்டுல வருதேண்ணே. எனக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க."

"அதுல எது உன்னுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கொத்தா வந்து கிடக்கு."

"சரி. எல்லாரும் நிறுத்துங்க. நான் மட்டும் அழுத்தறேன், வந்ததைச் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் போனைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "வேலை நேரத்துல போன் எடுக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? போய்த் துணியப் பாருங்க எல்லாரும்." அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டுக்காரரை உட்கார வைத்த கையோடு, நாத்தனாரைச் சலவைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வம்பக்கா மூன்றாம் மாடிக்குப் போனாள். கம்ப்யூட்டர் பிரிவில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு. உள்ளே எலும்பில் இறங்கும் குளிர். ஜலதோஷத்தில் மூக்குச் சிவந்த ஒரு நடுவயதுப் பெண் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் போன் நம்பரை மாத்தணும் மேடம். தப்பா இருக்கு."

"உங்க மேற்பார்வையாளர் ஒப்புதல் கொடுத்தா மாத்திடலாம்."

"என் போன் என்னுதுதான்னு அவர் ஒப்புக்கணுமா?"

"அதுதாங்க விதி."

"அப்ப இப்ப இருக்கற நம்பர் யாருதுன்னு பாருங்க. யாரு ஒப்புக்கிட்டாங்கன்னும் பாருங்க."

அந்தப் பெண் ஏதோ தட்டிப் பார்த்தாள். பிறகு இன்னும் ஏதோ தட்டினாள். தும்மலை மறந்துவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தாள். "என்னங்க இது, உங்க கூடத்துல எல்லாருக்கும் ஒரே நம்பரா இருக்கு?" அவளே போனை எடுத்து அந்த எண்ணைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் வந்தது.

"சார், இந்த நம்பர் யாருது?"

"என்னுதுதாங்க மேடம்."

"இது ஏன் உங்க ஆளுங்க எல்லார் பேருலயும் இருக்கு?"

"அவங்களுக்குத்தான் மேடம்... அவங்க சிரமப்படக் கூடாதேன்னு."

"அவங்க பேர்ல நீங்க உள்ள போறது தப்பு சார். நாளைக்குக் காலையில நானே கீழ வரேன். எல்லாரையும் போனோட இருக்கச் சொல்லுங்க." வைத்துவிட்டு, கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். "தாள் ஒட்டினா தொல்லை தீரும்னு நினைச்சேன்" என்றாள், யாரிடமென்று இல்லாமல்.

விதியில் எங்கோ இடம் இருந்திருக்க வேண்டும். அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அவள் நம்பரை மாற்றினாள். பிறகு விசைப்பலகையைத் திறப்பு வழியாக வம்பக்காவின் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "புது பாஸ்வேர்டு போடுங்க. நான் பாக்கமாட்டேன். எனக்கும் சொல்லாதீங்க."

இந்தமுறை எண் வம்பக்காவின் கைக்குள் இருந்த போனில் வந்தது. அதைப் போட்டாள். கடவுச்சொல் என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். 'எளிதில் ஊகிக்கக்கூடியது' என்றது திரை.

"எங்க வீட்டுக்காரரை எளிதுன்னு சொல்லுது மேடம். ஒருநாள் வந்து தூக்கிப் பாக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் திரும்பாமலே சிரித்தாள். "பெரிய எழுத்து ஒன்னு, நம்பர் ஒன்னு, குறி ஒன்னு வேணும்."

இரண்டு தரம் அடித்து, இரண்டு தரமும் தள்ளுபடி. மூன்றாவதாக அவள் தட்டியது என்ன என்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஏற்றுக்கொண்டது. உள்ளே போனால் அவள் பெயர், அவள் எண், அவள் பெயருக்கு நேரே கொட்டை எழுத்தில் 'சம்மதம்'. சொல்லாத சொல் அங்கே எழுத்தாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. 'சம்மதமில்லை' என்பதை ஓங்கி அழுத்தினாள். நிச்சயமாகத்தானா என்று கேட்டது.

"உங்க கம்ப்யூட்டர் கேக்குது மேடம். அதுக்காவது தோணுதே" என்றாள். ஆம் என்று அழுத்தினாள்.

எழுந்தவள் நின்றாள். "என் நாத்தனாருக்கும் மாத்தணும். அவளும் போகல."

"அவங்க வந்திருக்காங்களா?"

"அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அவங்க வரட்டும்" என்றாள் அந்தப் பெண், மூக்கைத் துடைத்துக்கொண்டே. சரி, விதி என்று நினைத்துக்கொண்டு வம்பக்கா படி இறங்கினாள்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் சொன்னபடியே கீழே வந்தாள். அண்ணன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, சுவரோரமாக நின்றார். ஒவ்வொருவரின் அட்டையையும் பார்த்து, அண்ணனின் நம்பரை எடுத்து அவரவர் நம்பரைப் போட்டாள். போன் இல்லாதவள் தன் மகளின் போனை வாங்கி வந்திருந்தாள். வேலை முடிந்ததும், "இனிமே நீங்களே பாத்துக்குங்க, மறந்தாலும் நீங்களே மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெப்பத்தில் ஜலதோஷம் இளகிப்போன முகத்தோடு லிஃப்டுக்குப் போனாள்.

அவள் போனதும் ஒருவரும் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. உருளை இயந்திரத்தில் நிற்கும் வயசான அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "வம்பு, எனக்கும் நீயே ஒன்னு போட்டு வெச்சுக்கோடி. எனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?"

"எனக்கும்கா." "எனக்கும் நீங்களே போடுங்க, உங்கள நம்பாம யாரை நம்பறது?" ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் சுவரோரத்திலிருந்து, "அப்புறம் என்ன, இனிமே அக்கா ராஜ்ஜியம்தான்" என்றார். அதில் கசப்பு இருந்தது.

உண்மையைச் சொன்னால் வம்பக்காவுக்கு அது இனித்தது. இத்தனை காலம் வம்பு என்று ஒதுங்கிப் போனவர்கள் கைநீட்டி நிற்கிறார்கள். நான் இவர்களுக்குக் கெடுதலா செய்யப்போகிறேன் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய கையோடு, இதே வார்த்தையை எங்கே கேட்டோம் என்று தோன்றி, முகம் சூடாகிவிட்டது.

"ஒருத்தர் பாஸ்வேர்டும் எனக்கு வேணாம்" என்றாள். "அவர் பையில இருந்து எடுத்து என் பையில போட்டுக்கறதுக்கா மூணு மாடி ஏறினேன்? மறந்தா மறந்துட்டேன்னு அழுத்துங்க, உங்க போனுக்கே வரும். பத்து தரம் மறந்தா பத்து தரம் மாத்துங்க. ஒருத்தர் ஒருத்தரா உள்ள வாங்க. எதை எங்க அழுத்தணும்னு வாயால சொல்றேன். நீங்கதான் தட்டணும். நான் பாக்கமாட்டேன்."

சொன்னபடியே நாற்காலிக்குப் பின்னால் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். வயசான அம்மா முதலில் உட்கார்ந்தாள். முணுமுணுத்தாள், திட்டினாள், அழித்து அழித்துத் தட்டினாள். ஏற்றுக்கொண்டதும் "அட!" என்று தன் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டாள். 'சம்மதமில்லை' போட்டாள். அடுத்தவள் சம்மதத்தையே வைத்துக்கொண்டாள். அதற்கடுத்தவள் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிவிட்டு, நிதானமாக ஒன்றை அழுத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனாள். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கட்டு அவிழ்வதைத் தடுக்க அவர் ஒன்றும் செய்யவில்லை, அந்தப் பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

கடைசியாக நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். வம்பக்கா சுவரைப் பார்த்தபடியே வழி சொன்னாள். அவளுக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை, கடகடவென்று தட்டும் சத்தம் கேட்டது. ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது.

"போட்டுட்டியா? அந்த ரெண்டாவதை அழுத்து, இல்லங்கறதை. நிச்சயமான்னு கேக்கும், ஆமான்னு போட்டுட்டு எழுந்திரு, நேரமாச்சு."

"அழுத்திட்டேன் அண்ணி. சம்மதம்னு இருந்ததை எடுத்துட்டு, நானே சம்மதம்னு போட்டேன்."

வம்பக்கா திரும்பினாள். "என்னது?"

"அங்க புது மெஷின் ஓட்டப் பழக்கறாங்களாம். நான் மெஷின் ஓட்டப் போறேன். எத்தன வருஷம் முனையப் பிடிச்சுக்கிட்டே நிக்கறது?"

"அப்ப உங்கண்ணன்? அவரை நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்?"

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். போன்னுட்டாரு. பக்கத்து வீட்டு வெல்டர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குத்தான் வர்றாரு, அவர்கிட்டயும் அண்ணனே பேசிட்டாரு. நேத்து நாம கிளம்பினப்புறம் வந்து தூக்கிப் பாத்துட்டுக்கூடப் போனாராம்."

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா? நீயும் போகமாட்டன்னுதானே நான் இத்தன நாளா கத்திக்கிட்டிருந்தேன்? மேல போய் உனக்கும் சேர்த்துச் சொல்லிட்டு வந்தேனே!"

"சொன்னீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். எழுந்து நின்றிருந்தாள், கண் தாழவில்லை. "என்னைக் கேக்கவே இல்லையே."

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே எல்லோரும் வேலை செய்வதுபோல் நின்றார்கள். வம்பக்காவுக்குக் கோபம் வந்தது, அதைவிட வலி வந்தது. இனி விரிப்பின் எதிர்முனையில் இவள் நிற்கமாட்டாள் என்று நினைத்தபோது கண் கரித்தது. அந்தக் கண்ணோடேயே நாத்தனாரை உற்றுப் பார்த்தாள். ஊசி மூட்டையை வாசலில் இறக்கிய அன்றைக்குத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. இப்போது தெரிந்தது.

"போ" என்றாள். "மெஷின் ஓட்டு. ஆனா ஒன்னு. நீயா அழுத்தினதை எவன் வந்து மாத்தச் சொன்னாலும் மாத்தாத. ராத்திரி மனசு கேக்காம நானே வந்து அழுதாலும் மாத்தாத. தெரிஞ்சுதா?"

"மாத்தமாட்டேன்" என்றாள் நாத்தனார்.